திருப்பிப் போட்ட கண்

கடைத்தெருவில் இருந்த அந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் யாரும் அவளுடைய பெயரைக் கேட்டதில்லை. டச்சப் அக்கா என்றால் போதும். முன்பக்கம் முதலாளி படம் எடுப்பார். திரைச்சீலைக்கு அந்தப் புறம், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். பருக்களை எடுப்பாள், கருவளையத்தை அழிப்பாள், வழுக்கை ஏறிய மாப்பிள்ளைகளுக்கு நெற்றியைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுப்பாள். தன் படத்தை வாங்கிப் பார்த்த ஒருவர், இது யாருங்க, ஆள் நல்லா இருக்காரே என்று கேட்டதாக முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவளுடைய கைவரிசை எல்லாம் கண்ணில்தான். இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருக்கிற மனிதனை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஒன்று கொஞ்சம் சின்னதாக இருக்கும், அல்லது சோர்ந்திருக்கும். மற்றவர்கள் சின்னக் கண்ணை இழுத்துப் பெரிதாக்குவார்கள், அது முழித்துக்கொண்டு நிற்கும். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். நல்ல கண்ணை அப்படியே எடுத்து, இடவலமாகத் திருப்பி, கெட்ட கண்ணின் மேல் போட்டுவிடுவாள். திருப்பிப் போட்டால் கருவிழியில் விழுந்த விளக்கின் ஒளியும் பக்கம் மாறிவிடும். கற்றுக்குட்டிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அவள் அந்த ஒளிப்புள்ளியையும் நகர்த்திச் சரியான இடத்தில் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே பதிந்துவிட வேண்டும், பழையதை வைத்திருக்கக் கூடாது. எப்போதோ ஒரு அம்மாள் தன்னுடைய திருத்தாத முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு, என்னை இவ்வளவு கேவலமாகவா எடுத்தீர்கள் என்று வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து வந்த சட்டம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அதைப் பழகிக்கொண்டாள், பிறகு கை தானாகவே அப்படிச் செய்தது. வீட்டுப் படங்களிலும் அப்படியேதான் செய்தாள்.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோதே இடது கண்ணின் மேல் இமை இறங்கியிருந்தது. பிரசவ வார்டில் இருந்த நர்ஸ், பிறந்த வீக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எடுத்த முதல் படத்தில் வலது கண்ணைத் திருப்பி இடது பக்கம் போட்டாள். யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. நாளைக்கே சரியாகப் போகிற கண்ணை ஒரு நாள் முன்னதாகச் சரிசெய்து அனுப்புகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தாள். அந்த நாளை வரவில்லை. ஆனால் தவழ்ந்தபோது ஒரு படம், நடந்தபோது ஒரு படம், பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு படம் என்று கூடத்துச் சுவர் நிறைந்தது. எல்லாவற்றிலும் குழந்தை இரண்டு கண்ணையும் மலர விரித்துக்கொண்டு சிரித்தது.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முதல் வண்டியை எடுப்பவர் என்பதால் அவர் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், திரும்பி வரும்போதும் தூங்கிப்போயிருக்கும். தூங்குகிற குழந்தைக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தானே இருக்கும்! லீவு நாளில் பார்த்தால் வாண்டு எதைப் பார்த்தாலும் முகவாயை மேலே தூக்கிக்கொண்டு, புருவத்தை உயர்த்திக்கொண்டு பார்ப்பாள். இமைக்கு அடியில் கிடைக்கிற இடுக்கு வழியாகப் பார்க்கத்தான் அந்தக் குழந்தை அப்படிச் செய்தது என்று அவருக்குத் தெரியாது. எங்க வீட்டு மகாராணி யாரையும் குனிஞ்சு பார்க்க மாட்டா என்று கேலி செய்வார். வாண்டுவும் சிரிப்பாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த போட்டோக்காரர் அவசரக்காரர் போலிருக்கிறது. பிள்ளைகளை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தி, வாண்டுவின் முகவாயைப் பிடித்துக் கீழே அழுத்தி, நேராகப் பார் என்று சொல்லிப் படத்தை எடுத்திருந்தார். சாயங்காலம் டச்சப் அக்கா பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். இடது இமை கருவிழியைப் பாதிக்கு மேல் மூடிக்கொண்டு தொங்கியது. அவள் நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்த படங்களில் கண் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி அட்டையைப் பார்த்தாள். ஐயோ, இமை இறங்கிவிட்டது, போன பிறந்தநாளுக்கு இப்படி இல்லையே என்று நினைத்தாள்.

வேறு எந்தத் தாயும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். பெற்றவள் அவள், தினமும் தலை வாரிவிடுகிறவள் அவள், சுவரில் இருந்த கண்ணைத் தன் கையால் போட்டவளும் அவள்தான். ஆனால் தினமும் பார்க்கிற முகத்தை யார்தான் உற்றுப் பார்க்கிறோம்? கொஞ்சம்தான் திருத்தினோம் என்ற நினைப்பு அவளுக்கு. எவ்வளவு கொஞ்சம் என்பது மறந்துபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. திருத்தின படமே ஞாபகமாக உட்கார்ந்துவிட்டது.

போனில் தேடினாள். தேடியிருக்கக் கூடாது. இமை திடீரென்று இறங்கினால் நரம்பில் கோளாறு, தசையில் கோளாறு, தலைக்குள் கட்டி என்று வரிசையாக வந்து விழுந்தது. அதற்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். கணவரிடம் சொன்னபோது அவரும் சுவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், முகம் வெளிறிப்போய், நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றார். எதற்கும் பதறாத மனிதர் அவர். அவர் பயந்ததைப் பார்த்து அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கண் டாக்டரம்மா பொறுமைசாலி. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். இப்பத்தான், திடீரென்று என்றாள் இவள். சாயங்காலம் ஆக ஆக அதிகமாகிறதா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றாள். சாப்பிடும்போது, விழுங்கும்போது ஏதாவது கஷ்டமா என்று கேட்டபோது, இருக்கலாம் என்றாள். பயந்துபோனவளிடம் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் வரும். டாக்டரம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வாண்டுவின் இமை மேல் வைத்து எடுத்துப் பார்த்தார். தசைக் கோளாறாக இருந்தால் குளிருக்கு இமை கொஞ்சம் எழும். எழவில்லை. ரத்தம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் எடுத்தார்கள். வாண்டு ஒவ்வொரு தரமும் முகவாயைத் தூக்கி அம்மாவையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

அடுத்த தரம் வரும்போது பழைய படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். இமை எப்போது இறங்கத் தொடங்கியது என்று படத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமாம். படத்துக்கா பஞ்சம் என்று இவள் சுவரில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அந்தப் படங்களை மேஜை மேல் வயது வரிசையில் அடுக்கினார். கைக்குழந்தை, தவழ்கிற குழந்தை, நிற்கிற குழந்தை, கடைசியில் பள்ளிக்கூட அட்டை. எல்லாவற்றிலும் கண் சமமாக இருந்தது, கடைசியில் மட்டும் தொங்கியது. அப்படி வரிசையாகப் பார்த்தபோதுதான் டச்சப் அக்காவுக்கு உறைத்தது. ஒவ்வொரு இடது கண்ணிலும் தான் நகர்த்தி வைத்த ஒளிப்புள்ளி அவளுக்குத் தெரிந்தது.

"என் கை ஒண்ணு சொல்லுது, உங்க படம் வேற ஒண்ணு சொல்லுது," என்றார் டாக்டரம்மா. "தொட்டுப் பார்த்தா பிறவியிலேயே வந்த மாதிரி இருக்கு. ஆனா இத்தனை படமும் பொய் சொல்லாது இல்லையா? எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

எல்லாம் இவளே எடுத்த படம்தாங்க என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். அவள் குனிந்து படங்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினாள். சொல்லியிருக்க வேண்டும்தான். திட்டுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றால் பாதிதான் உண்மை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே புகுந்திருந்தது. அந்தப் படத்துக்கு அடியில் இருந்த உண்மையான கண் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. முதல் வருஷம் எவ்வளவு இறங்கியிருந்தது? போன வருஷம்? மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்த ஞாபகத்தைத் தேடினால், அதிலும் அந்தத் திருத்தின முகம்தான் வந்து நின்றது. உண்மையிலேயே இமை இறங்கிக்கொண்டே வந்திருந்தால்? தலைக்குள் ஏதாவது இருந்து, இவள் பேச்சைக் கேட்டு ஸ்கேன் வேண்டாம் என்று விட்டுவிட்டால்? எடுத்தே பார்த்துவிடட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தைகள் ஸ்கேன் மெஷினில் அசையாமல் இருக்க மாட்டார்கள், அதனால் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். ஸ்கேன் எடுக்கிற நாளில் காலையிலிருந்தே வாண்டுவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். புறங்கையில் ஊசியைச் செருகி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் வந்து, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ரொம்ப அபூர்வமாகத்தான் மூச்சில் சிக்கல் வரும், நாங்கள் பக்கத்திலேயே இருப்போம் என்று தன்மையாகத்தான் சொன்னார். அபூர்வமாக என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. தான் போட்ட கண்ணுக்காகத் தன் குழந்தையை மயக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் அவளால் உட்கார முடியவில்லை. இதோ வந்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

டாக்டரம்மா அறையில் வேறு யாரோ இருந்தார்கள். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, அந்தப் படத்துல இருக்குற கண்ணு அவ கண்ணு இல்ல."

"பின்ன யாரோடது?"

"அவளோட இன்னொரு கண்ணுதான். எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கேன். பிறந்ததுலேருந்து எல்லாப் படத்துலயும் போட்டிருக்கேன். அதான் என் வேலை."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். "அந்தக் குழந்தைக்கு ரெண்டு தடவ ரத்தம் எடுத்திருக்கேன்மா," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருத்தாத படம் ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்கேனை நிறுத்திவிட்டு வாண்டுவை மேலே கூட்டி வரச் சொன்னார்கள். டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்துக் குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். வலது இமை பேனாவோடு சேர்ந்து இறங்கியது. இடது இமை பாதியில் நின்றுவிட்டது. மேலே பார்க்கும்போது தொங்குகிற இமை, கீழே பார்க்கும்போது மற்றதைவிட உயரமாக நின்றது. இதைப் பாருங்கள் என்று டாக்டரம்மா அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பிறவியிலேயே சரியாக உருவாகாத தசை தூக்கவும் தூக்காது, தளரவும் தளராது. நடுவில் வந்த நோய் என்றால் இப்படி நிற்காது. நீங்கள் திடீரென்று வந்தது என்று சொல்லாமலும், இந்தப் படங்கள் இல்லாமலும் இருந்தால் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பேன் என்றார்.

தலைக்குள் ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. பார்வையைச் சோதித்ததில் அந்தக் கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் மூடியே கிடந்ததால் மூளை அந்தக் கண்ணை மதிக்கவே கற்றுக்கொள்ளவில்லையாம். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்து இதை வேலை வாங்க வேண்டும், இமையையும் சீக்கிரம் தூக்கிவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷனைப் பற்றி டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். இமையைத் தூக்குகிற தசையில் ஓரளவு பலம் இருந்தால் அதையே கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித் தைத்துவிடலாம். வாண்டுவுக்கு அந்தப் பலம் இல்லை. அதனால் புருவத்துத் தசையோடு இமையை உள்ளே கட்டிவிட வேண்டும், ஊஞ்சலைக் கட்டுகிற மாதிரி. கட்டுவதற்கு மெல்லிய சிலிகான் இழை வைக்கலாம், அது பின்னால் தளர்ந்தால் மறுபடியும் செய்ய வேண்டிவரும். குழந்தையின் தொடையிலிருந்தே ஒரு பட்டை எடுத்தும் கட்டலாம், அது நாள்பட நிற்கும், ஆனால் காலிலும் ஒரு தழும்பு இருக்கும். எது செய்தாலும் தூங்கும்போது அந்தக் கண் முழுசாக மூடாது. காய்ந்துபோகாமல் மருந்து போட்டுக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், விட்டால் கருவிழியில் புண் வந்துவிடும். ரெண்டு கண்ணும் சமமா வந்துடுமா என்று கேட்டாள். வராது, கிட்டத்தட்ட வரும் என்றார் டாக்டரம்மா. எடுத்துத் திருப்பிப் போடுகிற வேலை இல்லைம்மா இது என்று அவர் சொல்லவில்லை. இவளாகச் சொல்லிக்கொண்டாள்.

டிரைவர் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார். பிறகு, நானாவது பார்த்திருக்கணும், லீவு நாள்ல முகத்த நேரா பார்த்திருக்கலாம் என்றார். அவர் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நல்ல கண்ணை மூட முதல் தடவை ஒட்டுப்பட்டை ஒட்டிய அன்று வாண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை, ஈரமான மேஜையைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தாய்க்குத் திராணி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மறுபடி மாட்டியிருந்த படங்களை எல்லாம் அன்றைக்கே கழற்றித் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சம் இருந்தன. வாண்டு ஒரு கண்ணால் அந்தச் சுவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சேட்டை குறைந்துவிட்டது. ஆபரேஷன் பயமாக இருக்கும், பாவம் என்று பெற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சிலிகான் இழையே வைப்பது என்று முடிவாகி, ஆபரேஷன் நாளும் வந்தது. தொளதொளவென்ற பச்சைச் சட்டையில் வாண்டு தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்திருந்தாள். நர்ஸ் தள்ள, தாய் பக்கத்தில் நடந்தாள். மூச்சில் சிக்கல் வந்தால், இழை நழுவினால், இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்று அவள் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. இதற்கு மேல் நீங்கள் வரக் கூடாதும்மா என்றார் நர்ஸ்.

வாண்டு அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாப்பா உள்ள இருக்காளா?"

"எந்தப் பாப்பா?"

"சுவத்துல இருந்தாளே, ரெண்டு கண்ணும் நல்லா இருக்குற பாப்பா. அவள இங்கதான அனுப்பிட்ட? இப்ப என்னை இங்க விட்டுட்டு அவளக் கூட்டிட்டுப் போயிடுவியா?"

ஆறு வருஷமாக அந்தக் குழந்தை அந்தச் சுவரைப் பார்த்து, அம்மாவுக்கு இன்னொரு பெண் இருந்தாள், நல்லவளாக, அழகாக இருந்தாள் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. ஊசிக்கு அழாமல் கையை நீட்டியது எதற்கு என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"அப்படி ஒரு பாப்பா இல்லவே இல்லடி கண்ணு," என்றாள். "அது அம்மா கம்ப்யூட்டர்ல பண்ணினது. நீ மட்டும்தான் இருக்க."

வாண்டு முகவாயைத் தூக்கி, இமை இடுக்கு வழியாக அவளை ஆராய்ந்து பார்த்தாள். "பொய் சொல்லாதம்மா. நான் பார்த்திருக்கேன்," என்றாள். நர்ஸ் வண்டியைத் தள்ளிவிட்டார். விரல் பிரிந்து, கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் டிரைவர் அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை. உள்ளே என்ன ஆகுமோ என்று இதுவரை பயந்தாளே, அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்று வந்து நின்றுகொண்டது. மயக்கம் வருகிற கடைசி நொடியிலும் குழந்தை, அம்மா வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடியிருக்கும். அவளால் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. கதவு திறக்கும்போதெல்லாம் கிட்டே போனாள், வேறு யாராவது வெளியே வந்தார்கள்.

கடைசியில் டாக்டரம்மா வந்து, முகமூடியை இறக்கி, நல்லபடியாக முடிந்தது, இமை எங்கே நிற்கும் என்பது வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார். பிறகு வண்டியைக் கொண்டுவந்தார்கள். பாதி முகத்தைக் கட்டு மூடியிருந்தது, புருவத்துக்கு மேல் மஞ்சளாக மருந்து வழிந்திருந்தது, உதடு வறண்டு வெடித்திருந்தது. இவள் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாண்டுவின் வலது கண் கொஞ்சம் திறந்து, அலைந்து, அவளைக் கண்டுபிடித்தது. மயக்கம் தெளியாத நாக்கைப் புரட்டிப் புரட்டிக் குழந்தை எதையோ சொல்லப் பார்த்தது. அவள் காதை உதட்டருகே வைத்தாள்.

"அம்மா, நான்தான்மா வந்திருக்கேன்."